‘கெரக்கு’ என்று படித்த பையன்

குறிஞ்சிப்பாடி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘கொக்கு’ என்பதை ‘கெரக்கு’ என்று படித்தான். “எத்தனை தடவை சொல்லியாச்சு சார், மண்டையில் ஏறவே மாட்டேங்குது” என்று அலுத்துக்கொண்டார் டீச்சர்.

அவன் கண்ணில் பட்டதைத்தான் படித்திருக்கிறான். ஒற்றைக்கொம்பும் க-வும் சேர்ந்தால் கெ. பின்னால் நிற்கும் துணைக்கால் அச்சில் ‘ர’ மாதிரியே இருக்கிறது. முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒலி என்பதை அவனுக்கு யாரும் உடைத்துச் சொல்லவில்லை. பத்து முறை எழுதத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

2022இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் அடிப்படையிலிருந்து கற்பிக்கத் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதுகிற பிள்ளை, வீட்டில் காதில் விழுவதை எழுதுகிறது. கு, சு, து, மு என்று உகரம் பல எழுத்துகளில் வெவ்வேறு வடிவம் எடுப்பதில் தடுமாறுகிற பிள்ளைக்கு ஒலியில் குழப்பமில்லை, வடிவத்தில்தான் சிக்கல். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் எப்படி?

ஆசிரியர் பயிற்றுநராக நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தும் கருத்தாளர்களாக, மைக்கைப் பிடித்தால் நன்றாகப் பேசுகிறவர்களையே பல வருடம் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நாள் பயிற்சி, ஆடல், பாடல், டீ, வடை. திங்கட்கிழமை வகுப்பறை பழையபடியே இருக்கும். இப்போது, குறுக்கே பேசாமல் ஒரு பிள்ளை படிப்பதை ஐந்து நிமிடம் கேட்கத் தெரிந்தவரைத் தேடுகிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படிப்பட்டவர்கள் குறைவு. பயிற்சிக்கு வரும்போது மூன்று பிள்ளைகள் படிப்பதைச் செல்போனில் பதிவு செய்து, அவர்களின் சொல்வதெழுதுதல் நோட்டையும் எடுத்து வரச் சொல்கிறோம். பாதி நாள் அதைக் கேட்பதிலேயே போய்விடுகிறது, போகட்டும்.

அப்புறம், சக ஆசிரியரின் வகுப்பில் உட்காருவது. முதல் முறை நான் நோட்டோடு பின்பெஞ்சில் உட்கார்ந்தபோது, “சார், இதை மேல அனுப்புவீங்களா?” என்றார் அதே டீச்சர். மறுமுறை நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு நான் பாடம் எடுத்தேன். முடிந்ததும், “ஜன்னலோரம் மூணு பேரும் வாயை மட்டும்தான் அசைச்சாங்க சார்” என்றார். நான் கவனிக்கவே இல்லை! அன்றுதான் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இன்னொருவர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாரம் அரை மணி நேரமாவது தலைமையாசிரியர் மனது வைத்தால்தான் நடக்கும்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தின் அடுத்த கூட்டத்தில் அந்த டீச்சர் மைக் பக்கமே போகவில்லை. அட்டையில் வெட்டிய கொம்பையும் காலையும் மேசையில் வைத்து, க-வின் இரண்டு பக்கமும் நகர்த்திக் காட்டினார். “ரெண்டும் சேர்ந்துதான் வேலை பார்க்கும்னு சொன்னேன், பையன் பிடிச்சுக்கிட்டான்.”

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “அப்போ கௌவுக்கு என்ன பண்றது டீச்சர்? அதுல ‘ள’ மாதிரி ஒண்ணு நிக்குதே?”

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “எங்க பசங்க அதை ‘கெள’ன்னுதான் படிக்கிறாங்க. உங்க பசங்க எப்படிப் படிக்கிறாங்க?”

போனை எடுத்து, பதிவைத் தேட ஆரம்பித்தார் கேள்வி கேட்டவர்.