வெள்ளி பூசிய டியூப் போட்டால் கிருமி வராதா?

"காசு கூட ஆனாலும் பரவாயில்லை டாக்டர், வெள்ளி பூசின டியூப்பே போட்டுடுங்க." சிறுநீர் டியூப் போடும் நோயாளிகளின் வீட்டார் இப்படிக் கேட்பது இப்போது அதிகமாகிவிட்டது. அந்த நோயாளிகளின் சிறுநீர் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) வருவது எங்கள் ஆய்வகத்துக்குத்தான் என்பதால், இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

டியூப் உள்ளே போனதும் கிருமிகள் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் கைக்குத் தட்டுப்படுமே, அதே ரகம். பெயர் பயோஃபிலிம். தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து இதற்குள் இருப்பவற்றை ஒன்றும் செய்யாது. சில சமயம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வேண்டியிருக்கும். அவ்வளவை உடம்பு தாங்காது. போதாததற்கு, நெருக்கியடித்து இருக்கும் இந்தக் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களையும் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கின்றன. ஆகவே ஒட்டவே விடாத பொருளைச் செய்வோம் என்று ஆராய்ச்சியாளர்கள் இறங்கியதில் நியாயம் இருக்கிறது.

வெள்ளி அயனிகள் கிருமியின் சவ்வையும் புரதங்களையும் ஒரே நேரத்தில் தாக்கும். ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்யும். சரி, நோயாளியிடம்? பிரிட்டனில் 7,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2012-ல் வெளியானது. குறுகிய காலத்துக்கு டியூப் போட்டவர்களில், வெள்ளி பூசியதால் அறிகுறியோடு வரும் தொற்று குறையவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. சிறுநீரில் உள்ள புரதம் பூச்சின்மேல் படிகிறது. புரோட்டியஸ் போன்ற கிருமி யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்க, உப்புப் படிகங்களும் சேர்கின்றன. கிருமி அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறது. வெள்ளி அடியில் சும்மா கிடக்கிறது.

வெள்ளியை எதிர்க்கும் கிருமியும் புதிதல்ல. 1970-களிலேயே பாஸ்டனில் தீக்காய வார்டு ஒன்றில் அப்படிப்பட்ட சால்மொனெல்லா கிடைத்தது. வெள்ளி எதிர்ப்பைச் சுமந்த அதே பிளாஸ்மிடில், அதாவது கிருமிகள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ வளையத்தில், ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கான எதிர்ப்பும் இருந்தது.

எனக்குப் பிடித்த ஆராய்ச்சி வேறொன்று. ஆஸ்திரேலியச் சிள்வண்டு ஒன்றின் இறக்கையில் நானோ அளவில் கூம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. அதில் வந்து உட்காரும் சூடோமோனாஸ் என்ற கிருமி சில நிமிடங்களில் சவ்வு கிழிந்து சாகிறது. ரசாயனமே இல்லை! தடித்த சுவருள்ள ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி மட்டும் தப்பிவிடுகிறது. இதையெல்லாம் வளையும் டியூப்பில் கொண்டுவர இன்னும் வேலை பாக்கி.

பூச்சு எல்லாமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தக்குழாயில் போடும் டியூப்களில் மினோசைக்ளின், ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக்குகளை ஏற்றியவை தொற்றைக் குறைத்திருக்கின்றன.

சிறுநீர் டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். அதனால் தினமும் ரவுண்ட்ஸில், "டியூப் இன்னும் வேணுமா? எப்ப எடுப்பீங்க?" என்று கேளுங்கள். அப்புறம், டியூப் இருக்கும்போது கல்ச்சரில் கிருமி வந்தாலும், காய்ச்சல் போன்ற அறிகுறி இல்லையென்றால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு.