திடலில் பூத்தது ஆர்க்கிட்டா?

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பிக் கேட்டிருந்தார்: “ஆர்க்கிட் மரத்தில்தானே தொற்றி வளரும்? இது எங்கள் ஊர்த் திடலில், புல்லுக்கு நடுவே முளைத்திருக்கிறதே?”

ஆர்க்கிட்தான். மாமரத்தில் தொற்றியிருக்கும் வாண்டா ஆர்க்கிட்டையே பார்த்துப் பழகியதால் வரும் சந்தேகம் இது. மண்ணில் வேர்விடும் ஆர்க்கிட்டுகளும் நம் சமவெளியில் உண்டு. படத்திலிருப்பது யூலோபியா எபிடென்ட்ரியா. தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். அவர் எழுதிவைத்த விவரங்களைக் கொண்டு, அவர் இறந்த பிறகு, 1791இல் ஸ்வீடன் தாவரவியலாளர் ரெட்சியஸ் இந்தச் செடியைப் பதிப்பித்தார்.

இலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, புல்லோடு புல்லாகக் கலந்துவிடும். அடியைப் பாருங்கள். மண்ணுக்கு மேலே பச்சையாகப் பருத்த தண்டு தெரியும். பூந்தண்டு இலைகளின் நடுவிலிருந்து வராமல் அந்தப் பருத்த தண்டின் பக்கவாட்டில் கிளம்பும். பூவில் மூன்று புல்லி, மூன்று அல்லி. அல்லியில் ஒன்று மட்டும் உதடாக மாறி, மேலே வரம்பு வரம்பாக மேடு கட்டியிருக்கும்.

சரி, இனி பூவின் நடுவுக்கு வருவோம். காந்தளில் ஆறு மகரந்தத் தாள்களை எண்ணலாம், விஷமூங்கிலிலும் ஆறு. இங்கே எண்ண எதுவும் கிடைக்காது. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகி ஒரே தூணாக நிற்கும். இந்தத் தூண் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தூணின் நுனியில் சின்னத் தொப்பி. அதற்குள் மகரந்தம் பொடியாக இல்லாமல், மெழுகுபோல் இரண்டு உருண்டைகளாக, ஒரு பட்டையில் கோத்து இருக்கிறது. பட்டையின் மறுமுனையில் பசை. உதட்டில் இறங்கி உள்ளே போகும் பூச்சி திரும்பும்போது, முதுகில் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதே பூச்சி உடனே அதே செடியின் அடுத்த பூவுக்குப் போனால்? தன் மகரந்தம் தனக்கே சேர்ந்து வீணாகிவிடுமே!

இதற்குப் பூ வைத்திருக்கும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சில ஆங்கிலேய ஆர்க்கிட்டுகளில், ஒட்டிய உருண்டை அரை நிமிடம் கழித்துத்தான் முன்னால் வளைகிறது, அதுவரை சூலக முடியில் படாது என்று 1862இல் டார்வின் எழுதினார். நம் செடியின் தென்னாப்பிரிக்க உறவான யூலோபியா போலியோசாவில் வழி வேறு. அங்கே தொப்பியும் உருண்டைகளோடு சேர்ந்தே வண்டின் மேல் ஏறிவிடுகிறது. அது மூடியிருக்கும்வரை மகரந்தம் எங்கும் படாது. வண்டு அந்தச் செடியை விட்டுப் போன பிறகே பெரும்பாலும் தொப்பி விழுகிறது என்று ஆய்வாளர்கள் பீட்டரும் ஜான்சனும் 2006இல் காட்டினார்கள்.

நம் திடல்களிலும் உருண்டை வளையவோ தொப்பி விழவோ எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கக் கைக்கடிகாரமும் பொறுமையும் போதும். டெல்டாக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களுக்குப் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் தரும் அளவுக்காவது ஆராய்ச்சிப் பணம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆர்க்கிட் கிழங்கு ஆண்மை தரும் என்று தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கிழங்கின் உருவம் ஆணின் விதையை ஒத்திருப்பதால் வந்த நம்பிக்கை அது, மருந்தியல் ஆதாரம் அல்ல. தூசிபோன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளை பிழைக்கும். அதனால் தோண்டிய இடத்தில் இன்னொன்று எளிதில் வராது. அடுத்த முறை படம் எடுக்கும்போது பூவின் பக்கவாட்டையும் செடியின் அடியையும் சேர்த்து எடுங்கள், காய் வெடிக்கும்வரை ஆடு மேயாமல் முள் வையுங்கள்.