சித்திரையில் காணாமல் போகும் அழகர்மலைக் காடு

மதுரையிலிருந்து மேலூர் போகும்போது இடது பக்கம் பார்த்தால் அழகர்மலை நீளமாகப் படுத்துக் கிடக்கும். செயற்கைக்கோள் படத்தை வைத்து நான் முதன்முதலில் போட்ட காட்டு வரைபடத்தில் அந்த மலையில் பெரும்பகுதி 'சிதைந்த காடு' என்று சிவப்பாக வந்தது. அடிவாரத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்த ஒரு கண்மாயோ அடர்பச்சையில் ஜொலித்தது. வரைபடம் இவ்வளவு தெளிவாக வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம், நேரில் போய்ப் பார்க்கும்வரை. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன தம்பி, சித்திரையில வந்து மலையில இலையைத் தேடுறீங்க? கார்த்திகை, மார்கழியில வாங்க, பத்தடி தள்ளி நிக்கிற ஆடு தெரியாது."

அவர் சொன்னதுதான் மொத்த விஷயமும். ஆனால் ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

அது மரத்தைப் பார்ப்பதில்லை, மரத்தில் பட்டுத் திரும்பும் வெயிலை அளக்கிறது. இலையிலுள்ள பச்சையம் ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இலைக்குத் தேவையில்லை, அதனால் இலைக்குள் இருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு செழிப்பான இலைப்பரப்பு சிவப்பில் 5 சதவீதமும் அகச்சிவப்பில் 45 சதவீதமும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கழித்தால் 40, கூட்டினால் 50, வகுத்தால் 0.8. வெறும் செம்மண் 25-ம் 30-ம் அனுப்பினால் அதே கணக்கில் 0.09 வரும். தாவரக் குறியீடு, அதாவது என்டிவிஐ என்பது இவ்வளவுதான். வெறுமனே கழிக்காமல் வகுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மலையில் ஒரு சரிவு வெயிலில் இருக்கும், மறுசரிவு நிழலில் கிடக்கும். நிழலில் இரண்டு ஒளியுமே குறையும் என்பதால், வகுக்கும்போது அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் இந்தப் படங்களை எடுத்து இலவசமாகத் தருகின்றன. ஒரு இணை சேர்ந்து சுற்றும்போது ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடம் படத்தில் விழும். ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ரெண்டரை சென்ட் இடம். அந்த ரெண்டரை சென்டுக்குள் ஒரு வேப்பமரம், கொஞ்சம் பாறை, ஒரு ஒற்றையடிப் பாதை எல்லாம் இருந்தாலும் வருவது ஒரே எண்தான்.

என் தப்புக்கு வருவோம். அழகர்மலையில் வெப்பாலை, கிளுவை மாதிரி இலையுதிர்க்கும் மரங்கள் நிறைய. வடகிழக்குப் பருவமழையில் தழைத்து, மாசி பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு வெயிலைச் சமாளிப்பது அவற்றின் பிழைப்பு. சித்திரையில் எடுத்த ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் மலை மொட்டையாகத்தான் தெரியும். சீமைக்கருவேலம் வேரை ஆழமாக இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொள்ளும், கோடையிலும் பச்சை மாறாது. படத்துக்குத் தெரிந்தது பச்சை மட்டும், எந்த மரத்தின் பச்சை என்பது அல்ல.

அதனால் ஒரு படத்தை நம்பக்கூடாது, வருடம் முழுக்க உள்ள படங்களை அடுக்கி ஒவ்வொரு புள்ளிக்கும் தாவரக் குறியீட்டின் ஏற்ற இறக்கக் கோடு வரைய வேண்டும். இலையுதிர் காட்டின் கோடு ஐப்பசியில் ஏறி மாசியில் சரியும். சீமைக்கருவேலத்தின் கோடு அவ்வளவாகச் சரியாது. சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. மலைமேல் இருக்கும் நூபுர கங்கைச் சுனைப் பக்கம் ஈரத்தில் நிற்கும் பசுமை மாறாத மரங்களின் கோடும் சரியாது! வருடம் முழுக்க வரைந்தாலும் நல்ல சோலையும் களைமரப் புதரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல நிற்கும். இதற்கு மேல் காலில் நடந்துதான் ஆக வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். காட்டுக்கு அது செல்லாது, ஏனென்றால் காடு ஒரே சீராக வேகாத பானை. எனவே முதலில் படத்தை வைத்து அடர்ந்த பகுதி, திறந்த பகுதி, புதர், ஓடைக்கரை என்று பானையையே பிரித்துக்கொள்கிறோம். அப்புறம் ஒவ்வொரு பிரிவிலும் குலுக்கல் முறையில் சில இடங்களை எடுக்கிறோம். பாதையோரமாக வசதியான இடத்தைப் பார்த்து எடுத்தால் கணக்கு பொய் சொல்லும், காரணம் விறகு வெட்டும் மேய்ச்சலும் பாதையோரத்தில்தான் அதிகம்.

அந்த இடங்களில் போடும் மாதிரிக் கட்டம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 31.6 மீட்டர், ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே நிற்கும் மரங்களைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பால் சுற்றி அளக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கத் தரையிலிருந்து உயரம் பார்க்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே கவட்டையாகப் பிரிந்தால் இரண்டு மரமாக எழுத வேண்டும். இதில் சண்டை வராத குழுவை நான் பார்த்ததில்லை. கொப்புகளுக்கு அடியில் செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டி, பக்கத்துப் புள்ளியில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதால், சுற்றிலும் ஒரே மாதிரி மரம் நிற்கும் இடங்கள்தான் படத்தோடு ஒப்பிடத் தோதானவை.

என் பார்வையில் இந்தப் பெரிய மரங்களைவிட முக்கியமானது கன்றுக் கணக்கு. கட்டத்துக்குள் சிறிய கட்டம் போட்டு முழங்கால் உயரச் செடிகளைக் குனிந்து எண்ணுவோம். மேலே விதானம், அதாவது மரங்களின் இலைக்கூரை, அருமையாக மூடியிருக்கும், கீழே ஒரு கன்றுகூட இருக்காது, ஆடோ தீயோ உண்ணிச்செடி என்ற களைப்புதரோ விட்டிருக்காது. வானத்திலிருந்து பார்த்தால் அது முதல்தரக் காடு, உண்மையில் வாரிசில்லாத வீடு. எங்கே மேய்ச்சலைக் கொஞ்ச காலம் நிறுத்துவது, எங்கே களைமரத்தை முதலில் பிடுங்குவது, எங்கே ஒன்றுமே செய்யாமல் விடுவது என்பதையெல்லாம் இந்தக் கணக்குதான் முடிவு செய்யும்.

நம் அதிகாரபூர்வக் கணக்கையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் வெளியிடும் அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரவிதானம் 10 சதவீதம் இருந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. மாந்தோப்பும் அதில் வரும், நம் கண்மாய்ச் சீமைக்கருவேலமும் வரும். மொத்தப் பரப்பைக் கண்காணிக்க அந்த வரையறை வசதிதான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் 'வனப்பரப்பு கூடியது' என்ற செய்தியை அப்படியே கொண்டாடவும் மாட்டேன். பழனி மலைகளில் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைக் காட்டியது. அந்த இடத்தைப் பிடித்தவை வேட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும். மரம் கூடியது, இயற்கை குறைந்தது.

உங்களிடம் இணைய வசதி இருந்தால் சென்டினல் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் அழகர்மலையைத் தேடி, டிசம்பர் படத்தையும் ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏப்ரலில் மலை மங்கிய பிறகும் ஓடையோரமாக ஒரு மெல்லிய பச்சைக் கோடு விடாமல் நிற்கும். அதையும் அடிவாரத்துக் கண்மாயின் பச்சையையும் படத்தை மட்டும் பார்த்து வேறுபடுத்த முடிகிறதா என்று முயன்று பாருங்கள். என்னால் முடியவில்லை.