ஜோதிடரிடம் போன 40 ஜாதகங்கள்

"இளகிய மனம், ஆனால் கோபம் வரும்" என்று ஜோதிடர் சொன்னால் யாருக்கும் பொருந்தும். 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கும் ஒரே குணக்குறிப்பைக் கொடுத்தார். தனக்கென்றே எழுதியது என நம்பி அவர்கள் அதற்குத் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. அதனால் ஜோதிடத்தைச் சோதிக்க, குணத்தை விட்டு, சரியா தப்பா என்று எண்ணிப் பார்க்கக்கூடிய கேள்வியைக் கேட்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர், சுதாகர் குண்டே, நரேந்திர தபோல்கர், பிரகாஷ் காட்பாண்டே ஆகியோர் அப்படித்தான் கேட்டார்கள். முடிவு 2009-இல் வெளிவந்தது. படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள 100 பிள்ளைகள் என 200 பேரின் ஜாதகங்கள் கணிக்கப்பட்டன. ஜோதிடர் ஒருவருக்கு 40 ஜாதகம். எது எந்த வகை என்று பிரித்துக் கொடுத்தால் போதும். 27 பேர் விடை அனுப்பினார்கள்.

காசைச் சுண்டிப் பிரித்தாலே 40-இல் 20 சரியாகும். ஏற்ற இறக்கம் (திட்ட விலக்கம்) சுமார் 3.2. இரு பக்கமும் அதன் இரு மடங்கு வரை விலகுவது சகஜம், ஆக 14 முதல் 26 வரை எது வந்தாலும் குருட்டாம்போக்கில் வரக்கூடியதே. வந்த சராசரி 46 சதவீதம். அதிகபட்சம் 40-இல் 24. அது பெரிதாகத் தோன்றும். ஆனால் வெறும் ஊகத்தில் 24 அல்லது அதற்கு மேல் எடுக்க 13 சதவீத வாய்ப்பு உண்டு, 27 பேரில் மூன்று நான்கு பேர் எடுப்பார்கள். 200 ஜாதகங்களையும் வாங்கிப் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனம் சரியாகச் சொன்னது 102.

இத்தகைய சோதனையில் பலரும் சறுக்குமிடம் வயது. சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு, குரு ஓராண்டு இருக்கும். ஒரு குழு சில ஆண்டுகள் முன்னால் பிறந்திருந்தால் இந்த இரண்டு கிரகங்களே குழுவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜோதிடம் பலித்ததாகப் பொய்த்தோற்றம் வரும். பிறந்த ஆண்டுகளை இரு பக்கமும் ஒன்றுபோல் வைப்பதே வழி. அடுத்தது பிறந்த நேரம்: லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசி) சுமார் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும், நேரம் சற்றுப் பிசகினாலும் ராசி மாறிவிடலாம், ஆகவே ராசி எல்லையை ஒட்டிய லக்னங்களை நீக்கிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டில் செய்வதானால் வாக்கியமா திருக்கணிதமா (ஜாதகம் கணிக்கும் இரு பஞ்சாங்க முறைகள்) என்பதை ஜோதிடர்களோடு பேசி முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வெற்றிக்கான எல்லையையும் விடைகள் வருமுன் எழுதி வைக்க வேண்டும். 40-இல் 28 சரி என்ற எல்லை போதாது, 27 பேரில் ஒருவராவது அதைத் தற்செயலாகத் தொட 20 சதவீத வாய்ப்பு உண்டு. 30 என்று வைத்தால் அது 3 சதவீதமாகக் குறையும்.