மழை பெய்யவில்லையா, அளக்கவில்லையா?

மழையளவு அட்டவணை ஒன்றில் திங்கட்கிழமைக்கு 10 மி.மீ., புதன்கிழமைக்கு 20 மி.மீ. என்று பதிவாகியிருக்கிறது. செவ்வாயன்று கருவி பழுது. அந்தக் கட்டத்தில் இருப்பது 'நல்', அதாவது மதிப்பு தெரியாது என்பதற்கான குறி. தரவுத்தளத்திடம் சராசரி கேட்டால், அதன் வினவல் மொழியான எஸ்க்யூஎல் 'நல்' உள்ள நாளை ஒதுக்கிவிட்டு 15 என்று சொல்லும். அதே தரவு ஒரு நிரலுக்குள் வரும்போது செவ்வாய் 0 ஆக மாறிவிட்டால் சராசரி 10 ஆகிவிடும். பெய்த மழை கணக்கிலேயே வராமல் போகலாம்.

இந்தச் சிக்கல் தரவு வகையிலேயே இருக்கிறது. சி ஷார்ப், ஜாவா போன்ற நிரல்மொழிகளில் சாதாரண முழு எண் மாறிக்கு 32 பிட் (0 அல்லது 1) இடம் உண்டு. அவற்றால் அமையும் 429 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எண்ணுக்கு உரியது. 'தெரியாது' என்பதைக் குறிக்க ஒரு வடிவம்கூட மிச்சமில்லை.

ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசியில், எண்ணைப் படிக்கும் 'கெட்இன்ட்' செயற்கூறு 'நல்' வந்தால் 0 என்றே திருப்பித் தரும். உண்மை தெரிய, உடனே 'வாஸ்நல்' என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்க மறந்தால் பொய் எண் உள்ளே புகுந்துவிடும். சி ஷார்ப் நிரல்கள் இயங்கும் தளமான டாட்நெட்டின் வகையிட்ட டேட்டாசெட்டோ (ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தரவு வகை குறித்த அட்டவணைத் தொகுப்பு), 'நல்' உள்ள எண் கட்டத்தைச் சோதிக்காமல் படித்தால் பிழை எழுப்பும். எரிச்சலூட்டினாலும் இதுவே நேர்மையான வழி. நின்றுபோன நிரலை யாராவது கவனிப்பார்கள். தவறான சராசரியை யாரும் கவனிப்பதில்லை.

2005இல் வந்த சி ஷார்ப் 2.0 இதற்கு நல்ல தீர்வு தந்தது. வகையின் பெயருக்குப் பின் ஒரு கேள்விக்குறி இட்டால், எண்ணோடு 'மதிப்பு உண்டா, இல்லையா' என்ற குறியும் சேர்ந்தே பயணிக்கும். அதை அப்படியே சாதாரண எண் மாறிக்குள் போட, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் அனுமதிக்காது.

திரையோடு இணைக்கும் இடத்தில் இன்னொரு கண்ணி உண்டு. டாட்நெட்டில் திரைகளை அமைக்கும் டபிள்யூபிஎஃப்பில், பயனர் பெட்டியிலுள்ள எண்ணை அழித்தால் எஞ்சுவது வெற்று உரை. அதை எண்ணாக மாற்ற முடியாமல் இணைப்பு பிழை காட்டும். பழைய எண்ணே அடியிலுள்ள தரவில் தங்கிவிடும். இணைப்பின் 'டார்கெட்நல்வேல்யூ' பண்புக்கு வெற்று உரையைக் கொடுத்துவிட்டால், 'நல்' திரையில் வெறுமையாகத் தெரியும். பயனர் வெறுமையாக விட்டது 'நல்' ஆகவே திரும்பிப் போய்ச் சேரும்.