நெடுங்கட்டுரை: 'லாங்ஃபார்ம்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

'நல்ல லாங்ஃபார்ம் ஒன்று வந்திருக்கிறது, நேரம் ஒதுக்கிப் படியுங்கள்' என்று இணைப்பு அனுப்புவது தமிழ் வாசகர்களிடமும் வழக்கமாகிவிட்டது. செய்திக்குள் அடங்காத அளவு நீண்டு, களத்தில் ஆட்களோடு இருந்து எழுதப்பட்டு, கதைபோல் நகரும் உண்மை எழுத்து அது. எழுதுகிறவர் தன் வாழ்க்கையையே எடுத்துப் பேசுவதும் சில சமயம் இந்தப் பெயரில் வரும். 'நீள்வடிவ இதழியல்' என்று இதைப் பெயர்க்கலாம்தான். ஆனால் அது ஆங்கிலத்தின் நிழலாகவே நிற்கிறது. பேச்சில் யார் வாயிலும் வராது. நெடுங்கட்டுரை என்பதே போதும், பொருத்தமும் அதுதான்.

இந்த வகை எழுத்து இணையத்துக்கு வெகு முந்தையது. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட, அமெரிக்காவின் நியூயார்க்கர் வார இதழைப் பாருங்கள். உள்ளே இருந்தது ஒரே கட்டுரை, ஜான் ஹெர்சி எழுதிய 'ஹிரோஷிமா'. முப்பதாயிரம் சொற்களுக்கு மேல். நான்கு பகுதிகளாகத் தொடர் போடத்தான் முதலில் திட்டம். பிறகு ஆசிரியர்கள் மனம் மாறி மொத்தத்தையும் ஒரே இதழில் வெளியிட்டார்கள். அணுகுண்டு வெடித்த காலை 8.15 மணிக்கு ஆறு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றுதான் கட்டுரை தொடங்கும். அலுவலகத்தில் ஒரு பெண், பக்கத்து மேசையில் இருப்பவளிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்புகிறார். குண்டின் ஆற்றலைப் பற்றி எத்தனை அறிக்கை படித்தாலும் அந்தத் தலைத்திருப்பல் தருவதை அவை தரமாட்டா. நீளம் தேவைப்படுவது இதற்காகத்தான்: ஆறு மனிதர்களை அறிமுகப்படுத்த, அவர்களோடு நடக்க இடம் வேண்டும்.

'லாங்ஃபார்ம்' என்ற பெயர் பரவலானது 2009, 2010 வாக்கில். 'லாங்ரீட்ஸ்' என்ற அடையாளக் குறியோடு ட்விட்டரில் நல்ல கட்டுரைகளைப் பரிந்துரைக்கும் பழக்கம் 2009இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே 'லாங்ஃபார்ம்' என்ற பெயரில் ஒரு பரிந்துரைத் தளம் வந்தது. கைப்பேசியில் சேமித்து வைத்து அப்புறம் படிக்கும் செயலிகளும் துணை நின்றன. ஆனால் சொல்லில் ஒரு குறை உண்டு. அது நீளத்தை மட்டுமே சொல்கிறது. அட்லாண்டிக் என்ற அமெரிக்க இதழின் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் பென்னெட் 2013இலேயே இந்தச் சொல்லை எதிர்த்து எழுதினார்.

தமிழுக்கு அந்தக் குறை இல்லை. 'கட்டுரை' என்பதில் கட்டும் இருக்கிறது, உரையும் இருக்கிறது. கட்டுரைத்தல் என்றால் உறுதிபடச் சொல்லுதல், விளங்க எடுத்துரைத்தல். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே 'கட்டுரை காதை' என்று பெயர். மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது நகரின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் வந்து பேசும் இடம் அது. பாண்டியர்கள் நீதி தவறாதவர்கள் என்பதற்குப் பழைய நிகழ்ச்சிகளைச் சொல்கிறது. கோவலன் கொலைக்கு முற்பிறப்பில் இருந்த காரணத்தைச் சொல்கிறது. நடந்து முடிந்த ஒரு கொடுமையை முன்னும் பின்னும் விரித்து, ஏன் நடந்தது என்று கேட்பவருக்குப் புரியவைக்கிற பேச்சு. வடிவம் செய்யுள்தான், சரி. வேலையைப் பாருங்கள், இன்றைய நெடுங்கட்டுரையின் வேலையேதான்.

உரைநடைக்கு இந்தச் சொல் நிலைபெறும் முன் 'வியாசம்' என்றும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு வியாசம் வழக்கொழிந்தது, கட்டுரை நின்றது. பள்ளிக்கூடம்தான் அதைச் சுருக்கிவிட்டது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கோடு போட்ட கட்டுரை ஏடும், மதிப்பெண்ணுக்கான உள்தலைப்புகளும் மனதில் பதிந்துபோனதால், கட்டுரை என்றதுமே பலருக்கு உலர்ந்த ஒன்றாகத் தோன்றுகிறது. 'லாங்ஃபார்ம்' என்று சொன்னால்தான் சுவையாக இருக்கும் என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது.

'எஸ்ஸே' என்பதன் பிறப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 1580இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் தன் எழுத்துகளுக்கு வைத்த பெயர் 'எஸ்ஸே'. பிரெஞ்சில் முயற்சி, சோதனை என்று பொருள். அதன் லத்தீன் வேர் எடைபோடுதலைக் குறிக்கும். தங்கத்தின் மாற்றைச் சோதிப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். தமிழிலும் உரைத்தல் என்றால் சொல்லுதல். பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்த்தலும் உரைத்தல். இரண்டு மொழிக்கும் உறவு ஏதுமில்லை, தற்செயல்தான். ஆனால் தன் வாழ்க்கையைத் தானே உரைத்துப் பார்க்கும் எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆங்கிலத்தில் 'பர்சனல் எஸ்ஸே' எனப்படுவதை அனுபவக் கட்டுரை என்றே சொல்லலாம். ஏடு தேடி அலைந்த கதைகளை உ.வே.சாமிநாதையர் அப்படித்தான் எழுதினார்.

நீண்ட வகைக்குத் தனிப்பெயர் இல்லாமல் போனதற்குக் காரணம் வார இதழ்கள். பக்கம் குறைவு என்பதால் நீளமானது எதுவும் 'தொடர்' ஆகிவிடும். இணையத்தில் அந்த நெருக்கடி இல்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' (PARI) இணையதளத்தில் கிராமத்து உழைப்பாளிகளைப் பற்றிய நீண்ட எழுத்துகள் தமிழிலும் ஒரே மூச்சில் படிக்கக் கிடைக்கின்றன. நெடுங்கதை, நெடுந்தொகை என்ற வரிசையில் இதை நெடுங்கட்டுரை என்போம். நாளிதழின் ஞாயிறு பக்கத்தில் வருவது 'சிறப்புக் கட்டுரை'; அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும்.