இரண்டாவது முயலை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்

சென்ற ஆண்டு கோடையில் ஓர் இளம் தம்பதி, ஒரே பிளாஸ்டிக் கூடையில் இரண்டு வெள்ளை முயல்களை என் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு வாரக் குட்டிகளாக வாங்கியபோது இரண்டும் பெண் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்லியிருந்தார். இப்போது வயது ஐந்து மாதம். அவற்றில் ஒன்று இரண்டு நாள்களாகத் தன் கழுத்து மடிப்பிலிருந்து முடியைப் பிய்த்துக் கூண்டின் மூலையில் சேர்க்கிறது என்றும், அது தோல் நோயாக இருக்குமோ என்றும் அவர்கள் கவலைப்பட்டார்கள். மற்ற முயலைப் புரட்டிப் பார்த்தபோது இரண்டு விதைகளும் தெளிவாகத் தெரிந்தன. முடி பிய்த்ததன் வயிற்றை மெல்லத் தடவியபோது குட்டிகள் கைக்குத் தட்டுப்பட்டன. ஆண் முயலை அன்றைக்கே தனிக்கூண்டில் விடச் சொன்னேன். பழகிய இரண்டைப் பிரிக்க மனமில்லாமல், ஏழு குட்டிகள் பிறந்து இரண்டு நாள் ஆன பிறகுதான் பிரித்தார்கள். அதற்குள் பெண் முயல் மீண்டும் சினையாகிவிட்டது. ஒரு மாதத்தில் மேலும் ஆறு குட்டிகள் பிறந்தன.

இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏனெனில் முயலின் உடலமைப்பு நாம் பழகிய நாயைப் போன்றதன்று. பெண் முயலுக்கு நாயைப் போலக் குறிப்பிட்ட காலத்தில் வரும் சினைப்பருவம் கிடையாது. இணைசேர்தலே கருமுட்டையை வெளிவரச் செய்கிறது. இணைந்த பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முட்டை வெளிப்பட்டுவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே அடுத்த சினைக்கும் உடல் ஆயத்தமாக இருக்கும். பாலினம் அறிவதிலும் சிக்கல் உண்டு. ஆண் முயலின் விதைகள் பத்து முதல் பதினான்கு வாரங்களில்தான் கீழே இறங்கும், அதன் பிறகும் அச்சத்தில் அவற்றை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ள முடியும். ஆறு வாரக் குட்டியைப் பார்த்துக் கடையில் சொல்லப்படுவதை ஓர் ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாதத்தில் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ஒற்றை முயலே போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். நம் புதர்க்காடுகளில் காணும் காட்டு முயல் தனித்து வாழ்வது, வளை தோண்டாதது, கண் திறந்த, முடியுள்ள குட்டிகளை ஈனுவது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. வீட்டில் நாம் வளர்ப்பது வேறு இனம். ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி, கூட்டமாக வாழும் முயலின் வழித்தோன்றல் அது. கண் மூடிய, முடியற்ற குட்டிகளைக் கூட்டில் ஈனுவதும், துணையோடு ஒட்டிப் படுப்பதும், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வதும் அந்த வழியில் வந்த பழக்கங்கள். ஆகவே துணை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருத்தடை பற்றிய முடிவை எடுத்த பிறகுதான் இரண்டாவது முயல் வீட்டுக்குள் வர வேண்டும் என்பதையே என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துகிறேன்.

ஆண் முயலைப் பொறுத்தவரை முடிவு எளிது. கிராமத்தில் காளைக்குக் காயடிப்பது போலத்தானே என்று கேட்பவர்களுக்கு, இது மயக்க மருந்து கொடுத்து வலியின்றிச் செய்யும் விதைநீக்க அறுவை சிகிச்சை என்று விளக்குகிறேன். விதைகள் இறங்கிய பின், மூன்றரை முதல் ஐந்து மாத வயதில் செய்யலாம். நேரமும் குறைவு, காயமும் சிறிது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: அறுவை முடிந்த பிறகும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆண் முயலால் கருத்தரிக்கச் செய்ய முடியும். ‘அதுதான் ஆபரேஷன் ஆகிவிட்டதே’ என்று மறுநாளே பெண் முயலோடு விட்டவர்கள் என்னிடம் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பெண் முயலுக்கு முடிவு எடுப்பது கடினம். குட்டி பிறப்பதைத் தடுக்க ஆணுக்கு மட்டும் செய்தால் போதுமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கருத்தடை செய்யப்படாத பெண் முயலுக்கு மூன்று நான்கு வயதைக் கடந்த பின் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். சில ஆய்வுகளில் வயது முதிர்ந்த பெண் முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அது கண்டறியப்பட்டுள்ளது, இனத்துக்கு இனம் இந்த அளவு மாறுகிறது. முதல் அறிகுறி பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம். முயலின் சிறுநீர் உண்ட கீரையின் நிறமியால் செம்மையாக வருவதும் இயல்பு என்பதால், பலர் மாதக்கணக்கில் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருந்தால் நிறமியாக இருக்கலாம். இடையிடையே திட்டாகவோ கட்டியாகவோ சிவப்பு தெரிந்தால் அன்றே பரிசோதிக்க வேண்டும். புற்று நுரையீரலுக்குப் பரவிய பிறகு வரும் முயலுக்கு என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ‘ஒரு தடவையாவது குட்டி போடட்டும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதால் உடல்நலத்தில் எந்தப் பயனும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மயக்க மருந்து முயலுக்கு நாயைவிட அதிக ஆபத்தானது. 2008இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், மயக்கம் கொடுக்கப்பட்ட முயல்களில் 1.39 விழுக்காடு இறந்தன. நாய்களில் அது 0.17 விழுக்காடு. அதே ஆய்வில் நலமாக இருந்த முயல்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இறப்பு 0.73 விழுக்காடாகக் குறைந்தது. கருப்பையை நீக்க வயிற்றைத் திறக்க வேண்டும் என்பதால், ஐந்து ஆறு மாத வயதில், உடல் தேறியிருக்கும்போது, முயலில் பயிற்சி உள்ளவர் கையால் செய்வதே என் பரிந்துரை. உங்கள் ஊரில் அத்தகையவர் இல்லையென்றால், ஆணுக்கு மட்டும் செய்துவிட்டுப் பெண் முயலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பதும் ஏற்கத்தக்க முடிவே. அனுபவமற்ற கையில் ஒப்படைப்பதைவிடக் காத்திருப்பது மேல்.

அனுபவம் உண்டா என்பதை எப்படி அறிவது? ‘முந்தைய இரவிலிருந்து பட்டினி போட்டுக் கொண்டுவரலாமா?’ என்று கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் பட்டினி அவசியம், ஏனெனில் மயக்கத்தில் அவை வாந்தி எடுத்து மூச்சுக்குழாய் அடைபடலாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது. வெறும் வயிற்றில் சில மணி நேரம் கழிந்தாலே இயக்கம் தளர்ந்து, அறுவையைவிடப் பெரிய ஆபத்தாகிவிடும். நான் என் முயல் நோயாளிகளைப் புல்லோடு வரச் சொல்கிறேன். மயக்கம் தெளிந்ததும் முதலில் முகர்வதும் அந்தப் பழகிய புல்லைத்தான். வலிநிவாரணி எத்தனை நாளைக்குத் தருவீர்கள் என்பதையும் கேளுங்கள். வலியில் இருக்கும் முயல் கத்தாது. பல்லை நறநறவெனக் கடித்துக்கொண்டு மூலையில் குறுகி உட்காரும், உணவைத் தொடாது. வாய்வழி அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதித் தந்தால் கொடுக்காமல் மறுகேள்வி கேளுங்கள். முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து அது உயிரையே பறிக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்த பின் தையலைவிடப் புழுக்கையைக் கவனியுங்கள். அறுகம்புல், வேலிமசால், கொத்தமல்லித் தழை என்று விரும்பித் தின்பது எதுவோ அதை முன்னால் வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தையலை நக்காமல் தடுக்கும் கூம்புப் பட்டையைக் கழுத்தில் மாட்டுவதை நான் தவிர்க்கிறேன். முயல் தன் மென்புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்று சத்துப் பெறும் விலங்கு. பட்டை அதைத் தடுத்துவிடும்.

இணைத்துப் பழக்கும் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கருத்தடை செய்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதே எளிது. கருத்தடை இல்லாத இரண்டு ஆண்கள், உடன்பிறந்தவையாயினும், வயது வந்ததும் ஒன்றன் விதைப்பையை மற்றது கடித்துக் கிழிக்கும் அளவுக்குச் சண்டையிடும். அத்தகைய காயங்களை நான் தைத்திருக்கிறேன். முதலில் இரண்டு கூண்டுகளைக் கம்பியில் மூக்கு மட்டும் எட்டும் இடைவெளியில் அருகருகே வையுங்கள். கழிவுத் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒன்றின் மணம் மற்றதற்குப் பழகும். சில வாரங்கள் கழித்து, இரண்டுமே இதுவரை கால் வைக்காத ஓரிடத்தில், பெரும்பாலும் குளியலறையிலோ மொட்டை மாடியின் நிழல் மூலையிலோ, பத்து நிமிடம் சேர்த்து விடுங்கள். முயல் சுறுசுறுப்பாக இருக்கும் காலையும் மாலையும் ஏற்றவை. சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகலில் செய்யவே கூடாது, ஏனெனில் வியர்க்க முடியாத முயலுக்கு வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் தாங்காது.

துரத்துவதும், மேலே ஏறுவதும், கொஞ்சம் முடி பறப்பதும் இயல்பு. யார் பெரியவர் என்பதை அவை தீர்மானித்துக்கொள்கின்றன. தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள், கீழிருப்பது பிறப்புறுப்பைக் கடித்துவிடும். காதைப் பின்னோக்கி ஒட்டிக்கொண்டு, வாலை நிமிர்த்தி, ஒன்றையொன்று வட்டமாகச் சுழன்று கடிக்கத் தொடங்கினால் அது சண்டை. வெறுங்கையை விடாமல் தடித்த துண்டைப் போர்த்திப் பிரித்துவிடுங்கள். சில ஜோடிகள் ஒரு வாரத்தில் பழகும், சில மூன்று மாதம் எடுக்கும். காரில் சுற்ற வைத்து அச்சத்தில் ஒட்ட வைக்கும் குறுக்குவழியை நான் ஏற்பதில்லை. அது அடங்கியிருப்பதுதானே தவிர நட்பன்று.

மேலே சொன்ன தம்பதி முதலில் ஆணுக்கும், குட்டிகள் பால் மறந்து இரண்டு மாதம் ஆன பின் பெண்ணுக்கும் சிகிச்சை செய்துகொண்டார்கள். பதின்மூன்று குட்டிகளில் இரண்டு இறந்தன. மற்றவற்றுக்கு வீடு தேட ஐந்து மாதம் ஆயிற்று. பிரிந்திருந்த காலத்தில் பெற்றோர் ஒன்றையொன்று மறந்துவிட்டதால் பழக்குதலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஏழாவது வாரத்தில் பெண் முயல் தலையைத் தரையோடு தாழ்த்த, ஆண் அதன் நெற்றியை நக்கியதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். இப்போது நகம் வெட்டக் கொண்டுவந்தாலும் இரண்டையும் ஒரே கூடையில்தான் கொண்டுவருகிறார்கள், மருத்துவமனை மணத்தோடு ஒன்று மட்டும் திரும்பினால் மற்றது அதை அந்நியனாக எண்ணித் தாக்கக்கூடும் என்று சொல்லியிருக்கிறேன்.